என் வீட்டச் சுத்தி வளையம்

இல்ல தம்பி, நீயே சொல்லு. ஒரு தண்ணிப் போரைப் பாத்து 'இது விலகி நிக்கிற எண்ணு'ன்னு சொன்னா அந்த போருக்குச் சொந்தக்காரிக்கு எப்படி இருக்கும்? அதுவும் ஊரு சனம் மொத்தமும் மாதா கோயில் ஹால்ல ஒக்காந்திருக்கும்போது. விலகி நிக்குதாம். எங்க விலகிச்சு? என் மாமனார் போட்ட எடத்துல அப்படியேதான் நிக்குது, மேல இருந்த தண்ணி எறைக்கிற காத்தாடிதான் ஒரு பொயல்ல பறந்து போச்சே ஒழிய போரு ஒரு அங்குலம் நகரல.

உள்ள வா, உள்ள வா. கான்சாஸ் காத்து காதப் பிச்சிட்டுப் போயிடும். பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம், இந்த வீட்டுல மாடு ஒண்ணுதான் உள்ள வந்ததில்ல. அந்த டேப்ப அங்க ஓரமா வை. அளக்கிறதெல்லாம் அளக்கலாம், தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது. மொதல்ல காப்பி. சட்டைல லோவெல்னு தச்சிருக்கு, அதானே உம் பேரு? ம்ம். பேச மாட்டேங்கிற ஆளு போல. நல்லது, எனக்குப் பேசுறவங்கள கண்டா ஆவாது.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன் லோவெல் தம்பி, இப்படிச் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறது எனக்குப் புடிக்கல. ஜனவரில ஒருத்தர் வந்தாரு பாரு அளக்க, அவரு மனுஷன். முன்னாடியே போன் பண்ணி, 'ரோசாலியாம்மா, நாளைக்கு வர்றேன்'னு சொன்னாரு. நானும் போருகிட்ட போயி அங்க கெடந்தத எல்லாம் எடுத்துப் போட்டு, குழாய் வாயத் தொடச்சு, மூடியெல்லாம் போட்டு, கல்யாண வீடு மாதிரி வச்சிருந்தேன். வந்தவரு அசந்துட்டாரு. இத்தன சுத்தமா ஒரு போரை நான் பாத்ததே இல்லன்னாரு. இன்னைக்கு நீ வந்து நிக்கிற, அங்க என்னென்ன கெடக்கோ.

சரி அத விடு. இந்தா, பியராக், எங்க ஊரு பன்னு. சூடா இருக்கு, பாத்துக் கடி. உள்ள மாட்டுக்கறியும் கோசும். தவக்காலம்தான், ஆனா இன்னைக்கு செவ்வாக்கெழமதானே, வெள்ளிக்கெழம இல்லல்ல, சாப்புடலாம். ரெண்டா எடுத்துக்க. கை கோணியிருக்குன்னு பாக்காத, அது போன வருஷம் பிப்ரவரில ஒடிஞ்ச மணிக்கட்டு. பனில வழுக்கி விழுந்தேன். அந்தக் கதைய அப்பறம் சொல்றேன், ஞாபகப்படுத்து.

அந்தா பாரு, ஃப்ரிட்ஜுல. பாத்தியா? தண்ணி மட்ட மேப்பு, பேப்பர்ல வந்துச்சு. கில்பர்ட்டுதான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டாந்தான். கில்பர்ட்டு என் வீட்டுக்காரன், மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கான், பொழுதுசாயத்தான் வருவான். அந்த மேப்புல பாரு, ஊரு முழுக்கக் கோடு கோடா எப்படி சாதாரணமா போவுது? ஆனா இங்க வந்ததும் பாரு. என் வீட்டச் சுத்தி வளையம், வளையத்துக்குள்ள வளையம், அதுக்குள்ள இன்னொரு வளையம். நட்ட நடுவுல ஒரு புள்ளி, அதான் என் போரு. தண்ணி ஏறுன எடம். எல்லாப் போரும் எறங்குது தம்பி, என் போரு மட்டும் பதினோரு அடி ஏறியிருக்கு. பதினோரு அடி! பேப்பர் வந்த அன்னைக்கு எனக்குத் தலகால் புரியல. பாத்திரக் கடைக்குப் போனா அங்க ஒருத்தி கையப் புடிச்சுக் குலுக்குறா. சாமியார் பூசை முடிஞ்சு வாசல்ல நின்னு, 'ரோசாலியா, உன் நெலத்துக்கு ஆசீர்வாதம்'ங்கிறாரு. நெலம் வாங்குறவன் ஒருத்தன் கான்சாஸ் சிட்டிலேருந்து போன் பண்ணான். நான் ஒரே வார்த்ததான், விக்கிறதா இல்லன்னு சொல்லி வச்சிட்டேன். வச்சிட்டு ஆடுனேன். இந்த அடுப்படிலதான். அறுபத்திரெண்டு வயசுல.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புள்ளிவிவரப் பொண்ணு வருது. தண்ணி வாரியத்துக்குப் புதுசா வந்திருக்கு. பேரு மிரியம். நல்லா படிச்ச பொண்ணு, லட்சணமான பொண்ணு, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா வாயத் தொறந்தா சராசரி, நடு எண்ணு, விலகல்... என் காதுல கொசு பறக்குற மாதிரி.

வெவரம் ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் நான் சொன்னாத்தான் சரியாப் புரியும். நம்ம பக்கத்துல ஒம்போது போரு கணக்குல இருக்கு. ஒவ்வொரு ஜனவரியும் அளப்பாங்க, ஏன்னா அப்ப யாரும் வயலுக்கு மோட்டார் போட மாட்டாங்க, தண்ணி அலுங்காம நிக்கும். ஒரு வருஷத்துல சராசரியா ரெண்டடிக்குக் கொறையாம எறங்கிருச்சுன்னா, எல்லாரும் பாசனத்துல அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சுக்கணும். அதான் சட்டம், நாமளே கையத் தூக்கிப் போட்ட சட்டம். இந்தத் தடவ நாலு போரு மும்மூணு அடி எறங்கிருச்சு. நாலு போரு ரெவ்வெண்டு அடி. மொத்தம் எவ்வளவு? இருவது. என்னோடது ஏறுனது பதினொண்ணு. கழிச்சா ஒம்போது. ஒம்போது போருக்கு ஒம்போது அடின்னா, தலைக்கு ஒரு அடி. ஒரே ஒரு அடி. ரெண்டு இல்ல. அப்ப யாரும் எதையும் கொறைக்க வேணாம். பாத்தியா, நான் ஒருத்தி ஊரையே காப்பாத்திட்டேன்.

லியாண்டரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. லியாண்டர் டிரைலிங்கு, தெரியும்ல, ரோட்டுக்கு வடக்கால எல்லா மக்காச்சோளமும் அவருதுதான். வருஷம் பூரா என்னப் பாத்தா தொப்பியக் கூடத் தொட மாட்டாரு. மேப்பு வந்த மறுநாளு வாசல்ல வந்து நிக்கிறாரு, கையில பன்னித் தொட, முழுசா, புகை போட்டது. 'ரோசாலியா, நீதான் இந்த ஊரு சராசரியத் தூக்கி நிறுத்தினவ'ங்கிறாரு. எனக்கு யாரும் அப்படியெல்லாம் சொன்னதே இல்ல தம்பி. கில்பர்ட்டு கூட சொன்னதில்ல, அவன் கல்யாணத்துலயே 'சரி'ன்னு மட்டும்தான் சொன்னான்.

அப்பறம் மீட்டிங்கு. பொண்ணு எந்திரிச்சு என்ன சொல்லுது? கோயில் விருந்துல ஒம்போது பேரு ஒக்காந்திருக்காங்களாம். எட்டு பேருக்கு எல கூட விழலையாம், ஒருத்தர் மட்டும் பதினோரு கேக்கு தின்னுட்டாராம். சராசரி பாத்தா எல்லாரும் ஒரு கேக்குக்கு மேலயே தின்ன கணக்கு வருதாம், ஆனா எட்டு வயிறு காயுதாம். அது சொல்லி முடிக்கல, ஹால்ல அத்தன தலயும் என்னத் திரும்பிப் பாக்குது. எனக்கு எப்படி இருக்கும்? நான் விருந்துல நாலுக்கு மேல எடுத்ததே கெடையாது.

அதோட விட்டுதா? ஒம்போது போருக்காரங்களையும் எந்திரிச்சு வரச் சொல்லி, சுவத்தோரமா வரிசையா நிக்க வச்சிருச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள நிக்க வைக்கிற மாதிரி. அதிகமா எறங்குனவங்க இந்தப் பக்கம், கொறைய எறங்குனவங்க அடுத்து, கடைசில நான். நான் எங்க நின்னேன்னா, காப்பிப் பாத்திரத்துக்கும் அந்தப் பக்கம், கக்கூஸ் கதவுகிட்ட. எல்லாரும் ஒட்டி ஒட்டி நிக்கிறாங்க, எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவுல ஒரு டிராக்டர் போகும். பதினோரு அடி ஏறுனவ அவ்வளவு தள்ளித்தான் நிக்கணுமாம். 'இப்ப பாருங்க'ங்குது பொண்ணு, 'ரோசாலியாம்மா இன்னும் நூறு அடி தள்ளிப் போனாலும், வெளிய பார்க்கிங்ல போயி நின்னாலும், சராசரிதான் அவங்க பின்னாடி ஓடும். நடுவுல நிக்கிறவங்க மாற மாட்டாங்க. அதனால நடுவுல நிக்கிறவங்களக் கேப்போம்.'

நடுவுல நின்னது யாருங்கிற? அல்வினா. என் தங்கச்சி. கூடப் பொறந்தவ. அந்தா அந்த மரவரிசைக்கு அப்பால தெரியுது பாரு சாம்பக் கலர் கூரை, அதான் அவ வீடு. அவளும் எர்வினும். எர்வினுக்கு நெஞ்சு சரியில்ல, வயல குத்தகைக்கு விட்டுட்டாங்க, வீடும் ஒரு சின்ன போரும்தான் இருக்கு. அவ போரு ரெண்டடி எறங்கியிருக்கு. பொண்ணு அவகிட்ட கேக்குது, 'ரெண்டடின்னா உங்க வீட்டுல எப்படியிருக்கு?'

அவ சொல்றா... மெதுவாத்தான் சொன்னா, அவ எப்பவுமே மெதுவாத்தான் பேசுவா, எங்க வீட்டுல பேசுறதுக்கு எடம் எங்க இருந்துச்சு, நான் இருந்தேனே. குழாயத் தொறந்தா மொதல்ல காத்துதான் இருமிக்கிட்டு வருதாம். அப்பறம் கொஞ்சம் தண்ணி, அப்பறம் மறுபடி காத்து. போரு ஆழம் பத்தல, புதுசா போடணும்னா அவங்களால ஆவாது. துணியெல்லாம் டவுனுக்கு எடுத்துட்டுப் போயி காசு போட்டுத் துவைக்கிறாளாம். வயலுக்கெல்லாம் கொஞ்சம் கொறைச்சா எங்க வீட்டுக்குழாய் இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும்னா. அவ்வளவுதான் சொன்னா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கணக்குலேருந்து என்னத் தூக்குறதுக்கு என் தங்கச்சியே சாட்சியான்னு எனக்கு ஏறிருச்சு. எம் பேரு பேப்பர்ல வந்ததுல இவளுக்கு வயித்தெரிச்சல்னு நெனச்சேன். கக்கூஸ் கதவுகிட்டேருந்து சத்தமா சொன்னேன், 'அல்வினா, உன் குழாய்ல காத்து வருதுன்னா வாஷரை மாத்து. அதுக்கு ஏன் என் போரை வெளிய தள்ற'ன்னு.

ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல.

லியாண்டரு சந்தடி சாக்குல எந்திரிச்சாரு. பைலேருந்து ஒரு கண்ணாடி ஜாடிய எடுக்கிறாரு, காலைலதான் என் பழைய போருலேருந்து கயித்துல டப்பா விட்டு மொண்டுக்கிட்டுப் போனாரு. ஜாடிய எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, 'இது எண்ணா இல்ல தண்ணியா'ன்னு கேட்டுட்டு, மடமடன்னு ஒரே மூச்சுல குடிச்சிட்டாரு. வாயத் தொடச்சிக்கிட்டு, இந்த ஊரு தண்ணியிலயே இதுதான் ருசி, ஒரு தனி மணம் இருக்குன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

அந்தப் பொண்ணு மட்டும் அசையல. உள்ளதச் சொல்லணும், என் போரைத் தூக்கணும்னு அது வாயத் தொறந்து சொல்லல, அது நானாச் சொல்லிக்கிட்டது. அது சொன்னது, காரணம் தெரியாம ஒரு எண்ணத் தூக்கவும் கூடாது, காரணம் தெரியாம அத நம்பவும் கூடாது. எட்டு எறங்கும்போது ஒண்ணு ஏன் ஏறுச்சுன்னு யாராச்சும் போயி பாருங்க, வியாழக்கெழம மறுபடி கூடுவோம்னுச்சு. அதான் ஒன்ன அனுப்பியிருக்கு. பாரு, நல்லா பாரு. எனக்கு என்ன பயம்.

எந்திரிச்சிட்டியா? இன்னொரு பியராக் இருக்கே. சரி வா, நானும் வர்றேன், கோட்டு எங்க... இங்க இருக்கு. அந்தப் பக்கம் மெதுவாக் கால் வை.

அல்வினா அன்னைலேருந்து பேசுறதில்ல. கோயில்ல எங்க பெஞ்சு ஒரே பெஞ்சு, எங்கப்பா காலத்துலேருந்து. போன ஞாயித்துக்கெழம வந்தா, என்னப் பாத்தா, நேரா அந்தாண்ட போயி பின்னால ஒக்காந்துட்டா. சமாதானம் சொல்ற நேரத்துல எல்லாரும் பக்கத்துல கை குடுப்பாங்கல்ல, நான் கையத் தூக்கிட்டு யாருக்குக் குடுக்கிறதுன்னு தெரியாம கில்பர்ட்டுக்கே ரெண்டு தடவ குடுத்தேன். எனக்கொண்ணும் இல்ல. அவளுக்குத்தான் நஷ்டம். நான் என்ன பண்ணேன்? என் தண்ணி ஏறுச்சு. ஏறக்கூடாதுன்னு அதுகிட்ட சொல்லவா முடியும்.

இதுதான் மாட்டுத்தொட்டி. பின்னால அந்த இரும்புக் குழாய், அதான் போரு. மாடுங்க ஒண்ணும் செய்யாது, மோந்து பாக்கும், அவ்வளவுதான். இப்ப நீ சாக்பீஸ எடுத்து டேப்பு நுனில தடவுவ, நீலக்கலரு, ஜனவரில வந்தவரும் அதான் தடவுனாரு. எவ்வளவு தூரம் நனஞ்சிருக்கோ அதுதான் தண்ணி மட்டம். பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. நல்லா எறக்கு, இன்னும், இன்னும்... என்ன? ஏன் அதுக்குள்ள மேல எடுக்கிற? நனஞ்சிருக்கா? நனையத்தானே செய்யும்.

மேலேருந்து கீழ வரைக்குமா? டேப்பு பூராவுமா?

அதெப்படி பூரா நனையும். என்ன கையக் காட்டுற? அதுவா? அது ஒண்ணுமில்ல தம்பி, அது ஓஸ் பைப்பு. தொட்டியோடது. குளிர் காலத்துல தொட்டித் தண்ணி உறைஞ்சிடக் கூடாதுல்ல, அதனால சின்னதா ஒழுக விட்டுட்டே இருப்போம். ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கும், ஓடுற தண்ணி உறையாது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. மிச்சம் வழியிறது போன வருஷம் வரைக்கும் மண்ணுல போயிட்டு இருந்துச்சு, வாசப்படி வரைக்கும் பனியாயி, அதுலதான் நான் விழுந்து மணிக்கட்ட ஒடிச்சேன். அந்தக் கதையத்தான் சொல்றேன்னேன். அதனால இந்த வருஷம் குளிர் ஆரம்பிக்கும்போதே நான் என்ன பண்ணேன்னா, கில்பர்ட்டு செய்வான் செய்வான்னு பாத்தா நடக்காதுன்னுட்டு, நானே ஒரு ஓஸ் பைப்ப மாட்டி, இந்தக் கடைசிய, வாசலுக்கு வராம, தண்ணியும் வீணாவாம இருக்கட்டுமேன்னு...

இருக்கட்டுமேன்னு...

கொஞ்சம் இரு தம்பி.

இல்ல, ஜனவரில இது இங்க இல்ல. அவரு போன் பண்ணாருல்ல, நான்தான் எடுத்துச் சுருட்டி அந்தாண்ட வச்சேன். எடம் சுத்தமா இருக்கணும்னு. தொடச்சு, மூடி போட்டு... அவரு போனதும் மறுபடி எடுத்து போருக்குள்ள விட்டுட்டேன்.

உள்ள விட்டது நிக்குமா? ஓடிப் போயிடாது? பழைய போரு, அடில துரு அடைச்சிருக்கும்கிற. ஆமா, அதான் காத்தாடி போனப்பவே விட்டுட்டோம், தண்ணி சரியா வரலன்னு. அப்ப ஊத்துறது எறங்காம உள்ளயே ஏறி நிக்கும். தொட்டிக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நீ கேக்கவே வேணாம், நானே சொல்றேன். காத்தாடி போனப்பறம் போட்டோமே, அந்தப் புது போருலேருந்து. அப்ப நான் அங்கருந்து எடுத்து, மாட்டுக்குக் காட்டி, இங்க ஊத்தி, ஏறுச்சு ஏறுச்சுன்னு அடுப்படில ஆடியிருக்கேன்.

சிரிக்காத. சரி சிரி. நானே சிரிக்கிறேன். மாதாவே, அந்தச் சாமியாரு ஆசீர்வாதம் வேற பண்ணாரு. கான்சாஸ் சிட்டிக்காரன் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஓஸ் பைப்ப வாங்க வர்றேங்கிறான். அந்த மேப்புல வளையம் வளையமா போட்டிருந்தாங்களே, நடுவுல இருந்தது என் ஓஸ் பைப்பு. எனக்கு இடுப்பு வலிக்குது, கொஞ்சம் தொட்டியப் புடிச்சுக்கிறேன்.

லியாண்டரு. தம்பி, லியாண்டரு குடிச்சாரே. ஜாடி நெறைய, மடமடன்னு. இந்தத் தொட்டித் தண்ணிய. அந்தா அந்தச் செவலப் பசு இப்ப நக்குது பாரு, அந்தத் தண்ணிய. தனி மணம்னாரு. அத்தன மாட்டோட எச்சியும் வழிஞ்சு இது வழியா உள்ள போயி... ருசின்னாரு தம்பி, ஊரு முன்னாடி நின்னு ருசின்னாரு. கை தட்டுனோமே எல்லாரும். எனக்குக் கண்ணுல தண்ணி வருது. பன்னித் தொடைய எப்படித் திருப்பிக் குடுக்கிறது, பாதி தின்னாச்சு.

ஹூம்.

கண்ணுல தண்ணி வருதுன்னேன்ல. அது நிக்க மாட்டேங்குது, பாரு.

என் ஒரு எண்ணுதான் அத்தன பேரையும் இழுத்துருக்கு. என்னத் தூக்கிட்டா பாக்கி எட்டுக்கு எவ்வளவு? இருவதுல எட்டு... ரெண்டரை. நடு எடுத்தாலும் ரெண்டரைதானே வரும்? அப்படியும் இப்படியும் ஒண்ணே. கோணல் நான் ஒருத்திதான். அந்தப் பொண்ணு வரிசைல நிக்க வச்சப்பவே எல்லாரும் ஒட்டி ஒட்டித்தான் நின்னாங்க, நான்தான் காப்பிப் பாத்திரத்துக்கு அந்தாண்ட நின்னேன். நின்னுக்கிட்டு, வாஷரை மாத்துன்னேன். அவ குழாயத் தொறக்கிறப்ப எல்லாம் நான் சொன்னதும் சேந்துதான் இருமும், அந்தக் காத்தோட. ஒரு கல் எறியிற தூரத்துல கூடப் பொறந்தவ துணி மூட்டையத் தூக்கிக்கிட்டு டவுனுக்கும் வீட்டுக்கும் அலையிறா, நான் ராவும் பகலும் நல்ல தண்ணிய ஓட்டைக்குள்ள ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். வீணாவக் கூடாதுன்னு. வெக்கமா இருக்கு தம்பி.

நீ என்ன எழுதுற? அடி எழுதாத. எவ்வளவு அடின்னு எழுதாத, ஓஸ் பைப்புன்னு எழுது. ரோசாலியா வாசிங்கர் மாட்டுத்தொட்டி ஓஸ் பைப்ப உள்ள விட்டிருந்தான்னு முழுசா எழுது, பேரு எழுத்துப் பிசகாம எழுது, பேப்பர்ல வர்றதுன்னா அதுவும் வரட்டும். அந்தப் பொண்ணு காரணம் கேட்டுச்சுல்ல, காரணம் நான்தான். வியாழக்கெழம எங்களுக்கும்தான் அஞ்சுல ஒண்ணு போவும், கில்பர்ட்டு ஒரு வாரம் வாயத் தொறக்க மாட்டான், தொறந்தாத்தான் என்ன சொல்லப் போறான், சரிம்பான். லியாண்டரு என்ன சொல்லுவாருன்னு பாக்கணும் போல இருக்கு. அவருகிட்ட மாட்டு விஷயத்த நான்தான் சொல்லுவேன், நீ முந்திக்காத.

புடி, அந்தப் பக்கம் இழு. வந்துருச்சு. போகட்டும் மண்ணுல. வாசப்படி வரைக்கும் மறுபடி பனியாவும், ஆவட்டும், ரெண்டு கைல ஒண்ணு நல்லாத்தானே இருக்கு.

எங்க, அதுக்குள்ள வண்டி ஏறிட்டியா? ஏம்ப்பா, சொல்லிக்காமயா போவ? கண்ணாடிய எறக்கு. எறக்குன்னேன்ல. அடுத்து எங்க போவணும் ஒனக்கு? அந்தப் பேப்பரக் காட்டு. சாம்பக் கலர் கூரை. அதான பாத்தேன், அவள விட்டா வேற யாரு இருக்கா அந்தப் பக்கம்.

இரு. கெளம்பிடாத. மிச்ச பியராக்க எடுத்துக்கிட்டு வர்றேன், எர்வினுக்குக் கோசு ஆவாது, ஆனா அவ தின்பா.

வந்துட்டேன், கதவத் தொற. கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வை உன் சாக்பீஸெல்லாம். போ, போ, கேட்டுக் கதவ நான் அப்பறம் மூடிக்கிறேன், மாடு போனா போவட்டும். மெதுவாப் போ. ரொம்ப மெதுவாப் போவாத, பெறகு நான் எறங்கிடுவேன்.

அவ வண்டி நிக்குது. வீட்டுலதான் இருக்கா. ஜன்னல்ல பாக்குறா பாரு, யாரு வண்டில யாருன்னு. பாத்துட்டா.

லோவெல் தம்பி, கதவத் தொறந்ததும் மொதல்ல நீ பேசு. எதையாச்சும் பேசு, போரு, டேப்பு, குளிருன்னு எது வேணா சொல்லு. நான் பியராக்கத் தூக்கிக்கிட்டு உன் பின்னாலயே வர்றேன்.